விஎம்மில் டிஎன்எஸ் மாற்றியாயிற்று. கண்டெய்னர் ஏன் பழைய சர்வரையே கேட்கிறது?

கேள்வி:

எங்கள் அலுவலகத்தில் உபுண்டு 22.04 ஓடும் ஒரு விஎம் இருக்கிறது. எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் அமைத்தது. அதில் டாக்கர் போட்டு ஏழெட்டு கண்டெய்னர்கள் ஓடுகின்றன: போஸ்ட்கிரெஸ், என்ஜின்எக்ஸ், ஜாவாவில் எழுதிய பில்லிங் ஆப், இன்னும் சில. இதுவரை 192.168.1.5 என்ற டிஎன்எஸ் சர்வரைப் பயன்படுத்தினோம். அதை நிறுத்திவிட்டு 192.168.1.20-க்கு மாறப்போகிறோம். விஎம்மில் நெட்பிளான் கோப்பைத் திருத்தி மாற்றிவிட்டேன். விஎம்மில் இருந்து பார்த்தால் எல்லாப் பெயர்களும் சரியாகக் கிடைக்கின்றன. கண்டெய்னர்களுக்குள் போய்ப் பார்த்தால் சிலது புதிய சர்வரைக் கேட்கிறது, சிலது பழையதையே கேட்கிறது. ரீஸ்டார்ட் செய்தும் இரண்டு கண்டெய்னர்கள் மாறவில்லை. நண்பர் ஒருவர் சொன்னபடி கண்டெய்னருக்குள் நுழைந்து ரிசால்வ்.கான்ஃப் கோப்பைக் கையால் திருத்தினேன். வேலை செய்தது, ஆனால் கண்டெய்னரை ரீஸ்டார்ட் செய்ததும் பழையபடி ஆகிவிட்டது. விஎம்மையே அழித்துப் புதிதாகப் போட வேண்டுமா? டேட்டாபேஸ் உள்ளே இருப்பதால் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

பதில்:

விஎம்மை அழிக்க வேண்டாம். ரீபூட்கூடத் தேவையில்லை. டேட்டாபேஸைப் பற்றிய உங்கள் பயம் மட்டும் நியாயமானது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் பார்த்த குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது பிடிபட வேண்டும். அது பிடிபட்டால் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் என்ன செய்வது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

விஎம்மும் கண்டெய்னரும் ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் கோப்பு அமைப்பு வேறு, நெட்வொர்க் வேறு. ஆகவே விஎம்மின் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைக் கண்டெய்னர் நேரடியாகப் படிப்பதில்லை. கண்டெய்னர் ஸ்டார்ட் ஆகும்போது டாக்கர் அதற்கென்று ஒரு ரிசால்வ்.கான்ஃப் தயாரித்து, விஎம்மில் தன்னுடைய அடைவில் வைத்துக்கொண்டு, அதைக் கண்டெய்னருக்குள் மவுண்ட் செய்கிறது. நீங்கள் கண்டெய்னருக்குள் பார்ப்பது அந்த நகல். விஎம்மில் நீங்கள் மாற்றியது மூலம். மூலம் மாறினால் ஓடிக்கொண்டிருக்கும் நகல் மாறாது. அடுத்த ஸ்டார்ட்டில்தான் புதிதாக எழுதப்படும். உங்கள் கைத்திருத்தம் ரீஸ்டார்ட்டில் காணாமல்போனதற்கும் இதுவே காரணம்.

சரி, ரீஸ்டார்ட் செய்தும் இரண்டு கண்டெய்னர்கள் ஏன் மாறவில்லை? ஏனென்றால் அந்த நகலுக்கு மூலம் ஒன்றல்ல, மூன்று. டாக்கர் முதலில் கண்டெய்னரின் சொந்த அமைப்பைப் பார்க்கும்: கண்டெய்னரை உருவாக்கியபோது டாக்கர் ரன் கட்டளையில் டிஎன்எஸ் தெரிவு கொடுத்திருந்தாலோ, கம்போஸ் கோப்பில் அந்த சர்வீஸுக்குக் கீழே டிஎன்எஸ் என்று எழுதியிருந்தாலோ அதுவே இறுதி. அது இல்லையென்றால் டாக்கர் டீமனின் பொது அமைப்பு. ஈடிசி அடைவுக்குள் டாக்கர் என்ற அடைவில் டீமன்.ஜேசன் என்ற கோப்பில் இருக்கும். அதுவும் இல்லையென்றால்தான் விஎம்மின் ரிசால்வ்.கான்ஃப். நீங்கள் மாற்றியது இந்தக் கடைசி இடத்தை. அதை நம்பியிருந்த கண்டெய்னர்கள் ரீஸ்டார்ட்டில் மாறிவிட்டன. அடம்பிடிக்கும் இரண்டுக்கும் 192.168.1.5 என்ற எண் மேலே உள்ள இரண்டு இடங்களில் ஒன்றில் எழுதப்பட்டிருக்க வேண்டும். டீமன்.ஜேசனில் இருந்தால் எல்லாக் கண்டெய்னர்களும் சேர்ந்து பழைய சர்வரைக் கேட்டிருக்கும். சிலது மட்டும் என்பதால், அந்த இரண்டும் உருவானபோதே எண்ணைத் தங்களோடு வாங்கிக்கொண்டவை என்றுதான் நான் ஊகிக்கிறேன். ஊகத்தை வைத்து வேலை செய்ய வேண்டாம், பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு கண்டெய்னருக்கும் டாக்கர் இன்ஸ்பெக்ட் கொடுத்து, வரும் நீண்ட பட்டியலில் ஹோஸ்ட்கான்ஃபிக் என்ற பகுதிக்குள் டிஎன்எஸ் என்ற வரியைப் பாருங்கள். காலி அடைப்புக்குறி என்றால் சொந்த அமைப்பு கிடையாது. எண் இருந்தால் குற்றவாளி அதுதான். ஏழெட்டு கண்டெய்னர்தானே, எல்லாவற்றையும் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முன்பு இருந்தவர் எதை எங்கே எழுதினார் என்பதற்கு உங்களிடம் வேறு ஆவணம் இருக்கிறமாதிரித் தெரியவில்லை. இந்தத் தாள்தான் இனி ஆவணம்.

அடுத்து, கண்டெய்னருக்குள் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைப் படித்துப் பாருங்கள். அதில் நேம்சர்வர் 127.0.0.11 என்று இருந்தால் திடுக்கிட வேண்டாம். கம்போஸ் வழியாக ஏற்றிய கண்டெய்னர்கள் தமக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கில் ஓடும். அப்படிப்பட்ட நெட்வொர்க்குகளில் 2016-இல் வந்த 1.10 பதிப்பிலிருந்து டாக்கரே ஒரு சிறு டிஎன்எஸ் சர்வரை உள்ளுக்குள் வைத்திருக்கிறது. உங்கள் பில்லிங் ஆப் போஸ்ட்கிரெஸை சர்வீஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தருவது அதுதான். தனக்குத் தெரியாத பெயரை அது வெளியே உள்ள சர்வருக்கு அனுப்பும். அந்த வெளி சர்வர் எது என்பது சமீபத்திய பதிப்புகளில் அதே கோப்பின் அடியில் எக்ஸ்ட்சர்வர்ஸ் என்று தொடங்கும் கருத்து வரியில் இருக்கும். அங்கே 192.168.1.20 தெரிந்தால் அந்தக் கண்டெய்னர் முடிந்தது. 127.0.0.53 தெரிந்தால் அது விஎம்மையே கேட்கிறது, கீழே சொல்வதுபோல் விஎம்மைச் சரிபார்த்தால் போதும்.

நண்பர் சொன்ன கைத்திருத்தம் இங்கேதான் உண்மையிலேயே ஆபத்து. 127.0.0.11 என்பதை அழித்துவிட்டு 192.168.1.20 என்று எழுதினால் வெளிப் பெயர்கள் கிடைக்கும். ஆனால் போஸ்ட்கிரெஸ் என்ற பெயரை அலுவலக டிஎன்எஸ் எப்படி அறியும்? பில்லிங் ஆப் டேட்டாபேஸைத் தேடி நிற்கும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் கொஞ்ச நேரம் ஓடுவதால் பிழை உடனே வெளியே தெரியாது. இரவு பேக்கப் ஓடும்போதோ மறுநாள் ஆப் மறுபடி இணையும்போதோ வெளிவரும். அப்போது டிஎன்எஸ்மீது யாருக்கும் சந்தேகமே வராது. இன்னொன்று: எஸ்இடி போன்ற கருவியால் அந்தக் கோப்பை அதே இடத்தில் திருத்தப் பார்த்தால் டிவைஸ் பிஸி என்று மறுத்துவிடும். காரணம், அந்தக் கருவி புதிய கோப்பு எழுதிப் பழையதன் இடத்தில் வைக்கப் பார்க்கும்; மவுண்ட் செய்யப்பட்ட ஒற்றைக் கோப்பை அப்படி மாற்ற முடியாது. அந்த மறுப்பை டாக்கர் தரும் நல்ல எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாற்றும் வேலை. அடியிலிருந்து மேலே போவோம்.

விஎம் சரியாக இருக்கிறது என்கிறீர்கள். ஒரு தடவை ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். உபுண்டுவில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவை நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஈடிசியில் உள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 127.0.0.53 என்ற அதன் முகவரி மட்டுமே தெரியும். உண்மையான சர்வர்கள் ரன் அடைவுக்குள் சிஸ்டம்டி, அதற்குள் ரிசால்வ் என்ற அடைவில் உள்ள இன்னொரு ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் இருக்கும். டாக்கருக்கு இது தெரியும். நெட்வொர்க் எதுவும் சொல்லாமல் உருவாக்கியவை ஓடும் டிஃபால்ட் பிரிட்ஜ் என்ற நெட்வொர்க்கில், 127.0.0.53 மட்டும் இருப்பதைக் கண்டால் அது அந்த இன்னொரு கோப்பை எடுத்துப் படிக்கும்; கம்போஸின் தனி நெட்வொர்க்குகளில் டாக்கரின் உள் டிஎன்எஸ் சர்வர் விஎம்மின் 127.0.0.53-ஐயே கேட்கும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் விஎம் டிஎச்சிபி மூலம் முகவரி வாங்குகிறது என்றால், நெட்பிளானில் நீங்கள் எழுதிய 192.168.1.20-உடன் டிஎச்சிபி கொடுத்த 192.168.1.5-உம் சேர்ந்தே நிற்கும். விஎம்மில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது; ரிசால்வ்டு வேலை செய்யும் சர்வர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருக்கும். டாக்கரோ டிஃபால்ட் பிரிட்ஜில் உள்ள கண்டெய்னருக்கு இரண்டையும் கொண்டுபோய்விடும். ஆகவே டிஎச்சிபி சர்வரிலும் மாற்றுங்கள். அது உங்கள் கையில் இல்லையென்றால் நெட்பிளானில் டிஎச்சிபி4-ஓவர்ரைட்ஸ் என்பதற்குக் கீழே யூஸ்-டிஎன்எஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கி, நெட்பிளான் அப்ளை கொடுங்கள். ஸ்டேட்டஸில் பழைய எண் எங்குமே தெரியக் கூடாது.

அடுத்தது டீமன்.ஜேசன். அந்தக் கோப்பு இல்லாமலே இருக்கலாம். அப்படியானால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். இருந்து, அதில் டிஎன்எஸ் என்ற வரியில் பழைய எண் இருந்தால் திருத்துங்கள். கமா ஒன்று கூடினாலோ குறைந்தாலோ டீமன் எழாது, எல்லாக் கண்டெய்னரும் கீழே விழும். அதனால் டாக்கர் டீமனை வேலிடேட் தெரிவோடு ஓட்டிக் கோப்பைச் சரிபார்த்துவிட்டு (புதிய பதிப்புகளில் உண்டு) பிறகு ரீஸ்டார்ட் கொடுங்கள். ரீலோட் போதாது. டீமன் ஓடும்போதே எடுத்துக்கொள்ளும் அமைப்புகளின் பட்டியல் சிறியது, டிஎன்எஸ் அதில் இல்லை. சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பில் டீமனைத் தொடங்கும் கட்டளையிலேயே டிஎன்எஸ் கொடுத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டு இடத்திலும் இருந்தால் டீமன் தொடங்க மறுக்கும்.

டீமனை ரீஸ்டார்ட் செய்யும்போது கண்டெய்னர்களுக்கு என்ன ஆகும் என்பது லைவ்-ரீஸ்டோர் என்ற அமைப்பைப் பொறுத்தது. அது இல்லையென்றால் எல்லாம் நிற்கும்; ரீஸ்டார்ட் பாலிசி ஆல்வேஸ் அல்லது அன்லெஸ்-ஸ்டாப்டு என்று உள்ளவை தானாக எழும், மற்றவற்றை நீங்கள்தான் எழுப்ப வேண்டும். லைவ்-ரீஸ்டோர் போட்டிருந்தால் கண்டெய்னர்கள் நிற்காமல் ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதனாலேயே புதிய டிஎன்எஸ் அவற்றுக்குப் போய்ச் சேராது. ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

இனி அந்த இரண்டு கண்டெய்னர்கள். உருவாக்கும்போது கொடுத்த டிஎன்எஸ் எண்ணை உருவான பிறகு மாற்ற டாக்கரில் வழி கிடையாது. டாக்கர் அப்டேட் என்ற கட்டளை மெமரி, சிபியு, ரீஸ்டார்ட் பாலிசி போன்றவற்றை மாற்றும். டிஎன்எஸ் அதன் வேலையில்லை. ஆகவே கண்டெய்னரை நீக்கி மறுபடி உருவாக்க வேண்டும். விஎம்மை அல்ல, கண்டெய்னரை மட்டும். கண்டெய்னர் என்பதே தூக்கி எறிந்துவிட்டு அதே இமேஜிலிருந்து மறுபடி எழுப்பும்படி வடிவமைக்கப்பட்டது. எறியக் கூடாதது அதன் டேட்டா.

இங்கேதான் நிதானம் வேண்டும். நீக்கப்போகும் கண்டெய்னரின் இன்ஸ்பெக்டில் மவுண்ட்ஸ் என்ற பகுதியைப் படியுங்கள். டைப் என்ற இடத்தில் பைண்ட் என்று இருந்து விஎம்மின் அடைவு ஒன்று தெரிந்தால் டேட்டா விஎம்மில் பத்திரம். வால்யூம் என்று இருந்து நேம் என்ற வரியில் மனிதர் வைத்த பெயர் தெரிந்தாலும் பத்திரம். பெயருக்குப் பதிலாக எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட தொடர் இருந்தால் அது பெயரில்லாத வால்யூம். போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ இமேஜ் தன் டேட்டா அடைவை வால்யூமாக அறிவித்திருப்பதால், யாராவது வால்யூம் எதுவும் சொல்லாமல் டாக்கர் ரன் கொடுத்திருந்தால் டேட்டா இப்படித்தான் போய் உட்கார்ந்திருக்கும். அந்தக் கண்டெய்னரை நீக்கிவிட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் புதிய, வெறுமையான வால்யூம் ஒன்று கிடைக்கும். டேட்டாபேஸ் காலியாகத் திறக்கும். பழைய வால்யூம் அனாதையாக டிஸ்கில் கிடக்கும். பதறிப்போய் இடத்தைக் காலி செய்கிறேன் என்று வால்யூம் ப்ரூன் கொடுத்தால் அதுவும் போய்விடும். மவுண்ட்ஸ் பகுதி மொத்தமாகவே காலியாக இருந்தால் அந்தக் கண்டெய்னர் எழுதியதெல்லாம் அதனுள்ளேயே இருக்கிறது, கண்டெய்னரோடு போகும்.

ஆகையால் முதலில் பிஜி-டம்ப் எடுங்கள். எடுத்த கோப்பை விஎம்முக்கு வெளியே வேறொரு கணினிக்குக் கொண்டுபோங்கள். முடிந்தால் அங்கே ஒரு சோதனை போஸ்ட்கிரெஸில் ஏற்றிப் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகக் கணக்கில் வைப்பதில்லை. விஎம் ஓடும் தளத்தில் ஸ்னாப்ஷாட் வசதி இருந்தால் அதுவும் ஒன்று எடுத்துவிடுங்கள். ஆனால் டம்ப்புக்கு அது மாற்று ஆகாது.

பிறகு வேலை எளிது. கண்டெய்னர் கம்போஸில் இருந்தால், கோப்பில் டிஎன்எஸ் வரியைத் திருத்திவிட்டு டாக்கர் கம்போஸ் அப் கொடுங்கள். மாறிய சர்வீஸை மட்டும் அது நீக்கி மறுபடி உருவாக்கும், வால்யூம்களைப் பழையதிலிருந்து எடுத்துக்கொள்ளும், மற்றவற்றைத் தொடாது. இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: கம்போஸ் ரீஸ்டார்ட் என்ற கட்டளை கோப்பில் செய்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளாது. இருக்கும் கண்டெய்னரை நிறுத்தி எழுப்பும், அவ்வளவுதான். நீங்கள் கோப்பைத் திருத்திவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்து மாறவில்லை என்று நின்றிருந்தால் அதுதான் காரணம். கம்போஸ் டவுன் கட்டளையோடு வி என்ற தெரிவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். அது வால்யூம்களையும் அழித்துவிடும்.

வெறும் டாக்கர் ரன் கொடுத்து உருவாக்கியதாக இருந்தால் மூலக் கட்டளை உங்களிடம் இருக்காது. இன்ஸ்பெக்டைப் பார்த்துத்தான் திரும்பக் கட்ட வேண்டும்: இமேஜின் பெயரும் டேகும், திறந்த போர்ட்டுகள், சூழல் மாறிகள், மவுண்ட்கள், நெட்வொர்க், ரீஸ்டார்ட் பாலிசி. இதையெல்லாம் மறுபடி ஒரு நீளக் கட்டளையாக அடிக்காமல் கம்போஸ் கோப்பாக எழுதிவிடுங்கள் என்று வற்புறுத்துவேன். பெயரில்லாத வால்யூமை அதன் நீண்ட பெயராலேயே வெளி வால்யூமாகக் குறிப்பிட்டு ஒட்டவைக்கலாம். பழைய கண்டெய்னரை உடனே நீக்கவும் வேண்டாம். நிறுத்தி, பெயரை மாற்றி வைத்துவிட்டுப் புதியதை எழுப்புங்கள். சரியாக இருந்தால் சில நாள் கழித்து நீக்கலாம், இல்லையென்றால் பழையதை எழுப்பிவிடலாம். ஒரே டேட்டா அடைவில் இரண்டு போஸ்ட்கிரெஸ் ஒரே சமயத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய கோப்பில் டிஎன்எஸ் வரியையே எழுதாமல் விடுவதுதான் என் விருப்பம். விஎம்மில் சரியாக இருந்தால் அங்கிருந்தே எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த முறை சர்வர் மாறும்போது ஒரே இடத்தில் மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். ஒரு கண்டெய்னருக்கு உண்மையிலேயே வேறு சர்வர் தேவைப்பட்டால் மட்டும் அதற்கென்று எழுதலாம், ஏன் என்று ஒரு கருத்து வரியோடு.

எழுதும்போது பலரும் பாதுகாப்புக்கு என்று 192.168.1.20-க்குக் கீழே கூகுளின் 8.8.8.8-ஐச் சேர்த்துவிடுவார்கள். வேண்டாம். இரண்டாவது சர்வர் எப்போது பயன்படும் என்பதைப் பாருங்கள்: முதல் சர்வர் பதிலே சொல்லாதபோதுதான். அப்படிப் பெயர் கிடையாது என்பதும் ஒரு பதில்தான். அதைக் கேட்டதும் தேடல் அங்கேயே முடிந்துவிடும். உங்கள் அலுவலக உள்பெயர்கள் கூகுளுக்குத் தெரியாது. முதல் சர்வர் ஒரு கணம் தாமதித்தால் கேள்வி கூகுளுக்குப் போகும், அப்படிப் பெயரே இல்லை என்று பதில் வரும், ஆப் பிழை காட்டும், அடுத்த நிமிடம் சரியாகிவிடும். ஆல்பைன் இமேஜ்களில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் உள்ள மசல் என்ற சி நூலகம் பட்டியலில் உள்ள எல்லா சர்வர்களையும் ஒரே சமயத்தில் கேட்டு, முதலில் வரும் பதிலை எடுத்துக்கொள்ளும். டாக்கரின் டிஃபால்ட் பிரிட்ஜில் ஓடும் ஆல்பைன் கண்டெய்னரில் இப்படி அலுவலக சர்வரும் கூகுளும் கலந்திருந்தால் உள்பெயர் ஒரு தரம் கிடைக்கும், ஒரு தரம் கிடைக்காது. இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான பிழை டிஎன்எஸில் எனக்குத் தெரிந்து குறைவு. இரண்டாவது சர்வர் வேண்டும் என்றால், அதே உள்பெயர்கள் தெரிந்த இன்னொரு அலுவலக சர்வரை வையுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பழைய 192.168.1.5 பட்டியலின் தலையில் தங்கிவிட்டு, அந்த சர்வரை நீங்கள் அணைத்துவிட்டால், டெபியன், உபுண்டு இமேஜ்களில் உள்ள ஜிலிப்சி ஒவ்வொரு தேடலுக்கும் அதை முதலில் கேட்டு இயல்பாக 5 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். எதுவும் உடையாது, எல்லாம் மந்தமாகிவிடும். சர்வர் மாற்றிய பிறகு ஆப் மெதுவாகிவிட்டது என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஜிலிப்சி பட்டியலில் முதல் மூன்று சர்வர்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாற்றியதும் சோதிக்க பிங்கை நம்ப வேண்டாம். பல இமேஜ்களில் அது இருக்கவே இருக்காது. கண்டெய்னருக்குள் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்று கொடுத்து ஓர் உள்பெயர், ஒரு வெளிப்பெயர், கம்போஸில் உள்ள ஒரு சர்வீஸ் பெயர் மூன்றையும் கேளுங்கள். ஆப் செய்யும் அதே வழியில் அது பெயரைத் தேடும். உள்பெயர் மட்டும் கிடைக்காமல் கூகுள் போன்றவை கிடைத்தால் கண்டெய்னரின் கோப்பில் 8.8.8.8, 8.8.4.4 வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிஃபால்ட் பிரிட்ஜில் ஓடும் கண்டெய்னருக்கு, விஎம்மின் கோப்பில் 127-இல் தொடங்கும் முகவரிகளைத் தவிர வேறொன்றும் கிடைக்காவிட்டால் டாக்கர் இந்த இரண்டையும் தானாகப் போட்டுவிடும். விஎம்மிலேயே டிஎன்எஸ்மாஸ்க் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

புதிய சர்வருக்கு முன்னால் ஃபயர்வால் இருந்தால் 53-ஆம் போர்ட்டை யுடிபி, டிசிபி இரண்டுக்கும் திறக்கச் சொல்லுங்கள். யுடிபி மட்டும் போதும் என்று விட்டுவிடுவது வழக்கம். பதில் பெரிதாகி யுடிபியில் அடங்காமல்போனால் அதே கேள்வியை டிசிபியில் மறுபடி கேட்க வேண்டும். மசல் நூலகத்துக்கு அப்படிக் கேட்கும் திறனே 2023-இல் வந்த 1.2.4 பதிப்பில்தான் கிடைத்தது, ஆல்பைன் 3.18-இலிருந்து அது இருக்கிறது. உங்கள் இமேஜ்களில் அதற்கு முந்தைய ஆல்பைன் ஏதாவது இருந்தால் இந்தச் சாக்கில் புதுப்பித்துவிடலாம்.

டிஎன்எஸ் சரியாகிவிட்ட பிறகும் ஆப் பழைய முகவரிக்கே போகலாம். என்ஜின்எக்ஸ் தன் அமைப்புக் கோப்பில் உள்ள அப்ஸ்ட்ரீம் பெயர்களைத் தொடங்கும்போது ஒரு முறை தேடி ஐபியை வைத்துக்கொள்ளும். கண்டெய்னரை மறுபடி உருவாக்கினால் அதன் ஐபி மாறக்கூடும் என்பதால், பில்லிங் ஆப்பைப் புதிதாக எழுப்பிய பின் என்ஜின்எக்ஸுக்கும் ஒரு ரீலோட் கொடுங்கள். இல்லையென்றால் 502 பிழை வந்து நிற்கும், பழி டிஎன்எஸ் மாற்றத்தின்மேல் விழும். ஜாவா பெயர்களைத் தன் நினைவில் சிறிது நேரம் வைத்திருக்கும். வழக்கமான அமைப்பில் 30 விநாடி. செக்யூரிட்டி மேனேஜர் போட்ட பழைய ஆப்களில் அணைக்கும் வரை வைத்திருக்கும். சந்தேகம் வந்தால் ஆப்பையே ரீஸ்டார்ட் செய்துவிடுவது சுலபம்.

தலைப்பில் விஎம் என்று பொதுவாக இருப்பதால், வேறு அமைப்பில் இருப்பவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய விண்டோஸ், மேக் கணினிகளில் டாக்கர் மெஷின் உருவாக்கிய விர்ச்சுவல்பாக்ஸ் விஎம் இன்னும் சிலரிடம் ஓடுகிறது. அதில் உள்ள பூட்2டாக்கர் முழுக்க மெமரியில் ஓடுவது, ஆகவே ஈடிசியில் எதைத் திருத்தினாலும் ரீபூட்டில் போய்விடும். வார் அடைவுக்குள் லிப், அதற்குள் பூட்2டாக்கர் என்ற அடைவில் உள்ள ப்ரொஃபைல் கோப்பு நிற்கும். அதில் எக்ஸ்ட்ரா ஆர்க்ஸ் என்ற இடத்தில் டிஎன்எஸ் தெரிவைச் சேர்த்து விஎம்மை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். டாக்கர் மெஷினை அதன் உரிமையாளர்களே கைவிட்டுவிட்டார்கள் என்பதால் திருத்துவதோடு இடம்மாறவும் திட்டமிடுங்கள். மேக்கில் கோலிமா வைத்திருந்தால் அதை நிறுத்திவிட்டு டிஎன்எஸ் தெரிவோடு மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால் போதும். ப்ராக்ஸ்மாக்ஸில் எல்எக்ஸ்சி கண்டெய்னர் என்றால் உள்ளே போய்த் திருத்தவே வேண்டாம். ஹோஸ்டிலிருந்து பிசிடி செட் கட்டளையில் நேம்சர்வர் கொடுங்கள், அல்லது திரையில் அந்தக் கண்டெய்னரின் டிஎன்எஸ் பக்கத்தில் மாற்றுங்கள். அடுத்த ஸ்டார்ட்டில் ப்ராக்ஸ்மாக்ஸே உள்ளே எழுதிவிடும். உள்ளே நீங்கள் எழுதியதையும் அதேபோல் அழித்துவிடும்.

கடைசியாக, எல்லாம் மாற்றியாயிற்று என்று அன்றைக்கே 192.168.1.5-ஐ அணைத்துவிடாதீர்கள். ஒரு வாரமாவது ஓடட்டும், அதில் கேள்விகளைப் பதிவுசெய்யும் லாகைத் திறந்து வையுங்கள். மாத இறுதியில் மட்டும் ஓடும் வேலை ஏதாவது பில்லிங் ஆப்பில் இருந்தால் அதுவும் ஒரு சுற்று முடியும் வரை பொறுங்கள். கண்டெய்னர்களின் கேள்விகள் பெரும்பாலும் விஎம்மின் ஐபியிலிருந்து வந்ததாகவே லாகில் தெரியும், எந்தக் கண்டெய்னர் என்று தெரியாது. அப்படி ஏதாவது வந்தால் விஎம்மில் டிசிபிடம்ப் போட்டு, டாக்கரின் பிரிட்ஜ்களில் 53-ஆம் போர்ட்டில் 192.168.1.5-ஐ நோக்கிப் போவதைப் பாருங்கள். அங்கே கண்டெய்னரின் சொந்த ஐபி தெரியும். அந்த ஐபி யாருடையது என்பதைத் தாளில் எழுதி வைத்த பட்டியலோடு ஒப்பிட்டு, அந்த ஒரு கண்டெய்னருக்கு மட்டும் மேலே சொன்னதைச் செய்யுங்கள். லாகில் உங்கள் விஎம்மின் முகவரி வருவது நின்ற பிறகு பழைய சர்வரை அணைக்கலாம்.